ஒன்றும் வேண்டாத மாமன்

கதைகளில் வரும் கெட்டவர்களைக் கண்டுபிடிப்பதில் என் அப்பா கெட்டிக்காரர். வாழ்க்கையில் அப்படியே நேர்மாறு. பால்காரர் தண்ணீரில் கொஞ்சம் பால் கலந்து கொடுத்தாலும் நல்ல மனுஷன் என்பார். அதனால்தான், தன் மகனுக்கு என்னைப் பெண் கேட்டு வந்த சுரண்டை ஊர்க்காரரை அவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியபோது நான் கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பேச்சையும் காதில் வாங்கிக்கொண்டேன்.

தென்காசியில் எங்களுக்கு இருந்த வயலும் கிணறும் அம்மா வழியில் வந்தவை. அம்மா இறந்துவிட்டாள், நான் ஒரே பெண். சுரண்டைக்காரர் வந்த நாளிலிருந்து ஒரே பாட்டுத்தான்: "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி, புள்ளைய மட்டும் அனுப்புங்க, போதும்." கூடவே, என் தாய்மாமனை இந்தப் பேச்சில் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லி வைத்தார். அப்பாவும் மாமாவுக்குச் சொல்லவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. சாரல் காலத்துக்குக் குற்றாலத்தில் வாடகைக்கு வீடு எடுத்திருந்தோம். நிச்சயத்துக்கு நாள் குறிக்க அவரும் அங்கேயே வந்துவிட்டார். அருவியில் வெள்ளம் என்று யாரையும் குளிக்க விடவில்லை. பொழுது போகாமல் அப்பா பழைய கதை ஒன்றை உரக்க வாசித்தார். கொஞ்சம் நிலம் உள்ள ஒரு விதவை, அவளுக்கு உதவ வரும் தூரத்து மாமன். கேட்காமலே வேலி அடைத்துக் கொடுக்கிறான். கூலி வேண்டாம் என்கிறான். சொந்தக்காரர் ஒவ்வொருவரோடும் அவளுக்குச் சண்டை மூட்டிவிடுகிறான். கடைசியில் நிலம் அவன் பெயரில்; அவன் வீட்டில் நெல் குத்துகிறாள் அவள்.

முடித்ததும் அப்பா வழக்கம்போல் பரீட்சை வைத்தார். "மாமன் எந்த எடத்துல மாட்டுதான், சொல்லுங்க பாப்போம்?"

கதவுக்குப் பின்னால் இருந்த நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்: "கூலி வேண்டாம்னானே, அங்கனயே மாட்டிட்டான், அப்பா. உதவ வந்தவன் எதுக்குச் சொந்தக்காரங்கள வெட்டிவிடணும்? யாராச்சும் கேள்வி கேட்டுருவாங்கன்னுதான?"

சுரண்டைக்காரர் சிரித்தார். "இதுல மாட்டுததுக்கு என்ன இருக்கு? மாமன் கெட்டிக்காரம்லா! பொம்பளைக்கு எதுக்கு அண்ணாச்சி நெலம்? ஆம்பளை கையில இருந்தாத்தான் உருப்படும்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். புத்தகத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "நாள் குறிக்கதுக்கு முன்னால எம் மச்சினன வரச் சொல்லணும்."

"அவரு எதுக்கு?"

"கேள்வி கேக்கத்தான்."

போட்ட காபியைக்கூடக் குடிக்காமல் சுரண்டைக்காரர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அதன்பிறகு அவரிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. அன்று நான் அப்பாடா என்று சுவரில் சாய்ந்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பா பதறிப்போய், "ஏட்டி, அந்த எடம் ஒனக்குப் பிடிச்சிருந்துதா?" என்று கேட்டார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அப்பா கடைசிவரை அதே பால்காரரிடம்தான் வாங்கினார். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நாளில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தண்ணீர்ப் பாலை நான் சந்தோஷமாகவே குடித்தேன்.