ஜீப் மூக்கில் இரண்டு ஓட்டை

பழைய ஜீப்பின் குட்டி பிளாஸ்டிக் மாடலை ஒட்டி முடித்து, காலையில்தான் கொச்சியில் நடக்கும் மாடல் போட்டிக்குக் கூரியரில் அனுப்பினேன்.

பாகம் பாகமாக வந்த மாடல் கிட்டில், முன்பக்கக் கம்பித்தட்டியான கிரில்லுக்கு ஒன்பது நீள ஓட்டைகள். பள்ளிவாசல் ஜீப் ஸ்டாண்டில் நிற்கும் அசல் ஜீப்பை எடுத்த போட்டோவிலோ ஏழுதான். கிட்காரன்தான் தப்பு செய்திருக்கிறான் என்று, ஓரத்து இரண்டையும் புட்டிப் பசை வைத்து அடைத்திருந்தேன்.

அனுப்பிய பிறகுதான் சந்தேகம் வந்தது. மதியம் ஸ்டாண்டுக்கே போய், நோட்டும் கையுமாகக் குனிந்து ஓட்டைகளை எண்ணினேன்.

ஜீப் டிரைவர் பதறி ஓடிவந்தார்.

"செக்கிங்கா மேடம்? முன்னாடி ஒம்போதுதான் இருந்துச்சு. தேயில லாரி இடிச்சு ரெண்டு நசுங்கிப்போச்சு. நாந்தான் தகரம் வச்சு அடைச்சேன். கேஸு கீஸு போட்றாதீங்க!"

அவரைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தேன். என்னை யார் சமாதானப்படுத்துவது?

நடுவர்கள் ஓட்டையெல்லாம் எண்ணமாட்டார்கள்தானே? "மாட்டார்கள்" என்பவர்கள் மட்டும் பதில் போடவும்.