புஷ்பம் அக்கா மன்னிக்கவில்லை

டார்க் ரூமில் சிவப்பு விளக்கு எரியும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் என் மனைவி வெளியிலிருந்தே சொன்னாள்: "ஏங்க, திண்டிவனத்துலேந்து ஆள் வந்துக்கீறாங்க. புஷ்பம் அக்கா பூட்டாங்களாம்." டெவலப்பரில் ஒரு கல்யாணப் பெண்ணின் முகம் மெல்ல எழும்பி வந்துகொண்டிருந்தது. அதற்குமேல் கறுக்காமல் நிறுத்த எடுத்து ஹைப்போவில் போட வேண்டும். எனக்குக் கை வரவில்லை. அந்த முகம் முழுக்கக் கறுத்துப்போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மஞ்சள் காமாலை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

நம் போட்டோகிராபர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அக்காவைப் பற்றி எழுதச் சொன்னார் செயலாளர். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க. பழைய சண்டைய மட்டும் கிளறாதீங்க. பேர் கீர் போட்டு பேஜாரு பண்ணிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். அக்காவைப் பற்றி நல்லதாக எழுத வேண்டுமென்றால் அந்தச் சண்டையைத்தான் எழுத வேண்டும். பெயரையும் போடத்தான் வேண்டும். தணிகாசலம். விழுப்புரத்தில் காமிரா மெக்கானிக்காக இருந்தவர். போட்டுவிட்டேன். செயலாளர் வெட்டமாட்டார் என்று நம்புகிறேன். அந்தச் சண்டை முடிந்த மண்டபத்தில் அன்றைக்கு அவரும் இருந்தார்.

மரியபுஷ்பம் என்பது அக்காவின் முழுப் பெயர். திண்டிவனத்தில் அவருடைய ஸ்டூடியோவில் கணவர் அந்தோணி அண்ணன் பின்னணி ஸ்கிரீன் வரைவார், அக்கா படம் எடுப்பார். காமிராவுக்குப் பின்னால் ஒரு பெண் நிற்கிறாள் என்பதற்காகவே பிரம்மதேசம், மண்டகப்பட்டு என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். அக்கா யாரையும் சிரிக்கச் சொன்னதில்லை. "இன்னிக்கு உங்க வூட்ல இன்னா கொழம்பு?" என்று கேட்பார். அவர்கள் பதில் சொல்ல வாயெடுப்பதற்கு முன்னால் படம் எடுத்து முடித்திருப்பார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "கேள்வி கேட்டா யோசிக்கிறாங்க பாரு தம்பி, அதான் அவங்க சொந்த மூஞ்சி. சிரிக்கிறது நமக்காக."

அவரிடம் இருந்தது பழைய ஜெர்மன் காமிரா. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேல் லென்ஸ் வழியாகக் குனிந்து பார்த்துக் குறி வைக்க வேண்டும். படம் பிடிப்பது கீழ் லென்ஸ். ஆஸ்பத்திரியில் வேலை செய்த வெள்ளைக்கார சிஸ்டர் ஒருவர் ஊர் திரும்பும்போது அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அதில் எடுத்த படங்களில் கண்கள் ஈரமாகத் தெரியும். என்னிடமும் அதே மாதிரி காமிரா உண்டு. ஆனால் அக்காவுடைய லென்ஸ் கண்ணாடியின் குணம் என்னுடையதில் இல்லை.

ஒரு மழைக்காலத்தில் அதன் ஷட்டர் ஒட்டிக்கொண்டது. அக்கா தணிகாசலத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நாம் எல்லோருமே அவரிடம்தான் கொடுத்தோம். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கேட்காமலே வரும் டீ, "விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்ற பேச்சு. கைராசிக்காரர் என்று பெயர். காமிராவை நம் கண் எதிரே திறக்கமாட்டார். தூசி விழும் என்பார். அதையும் நாம் தொழில்சுத்தம் என்று பாராட்டினோம். ஷட்டர் சரியாகி வந்தது. சத்தம்கூட முன்பைவிட நன்றாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அனந்தபுரத்திலிருந்து முனுசாமி என்ற கூலி விவசாயி தன் மனைவி அஞ்சலையையும் இரண்டு பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். அஞ்சலையைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். போவதற்கு முன்னால் பிள்ளைகளோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குமுன் அவள் படமே எடுத்துக்கொண்டதில்லை. அந்தோணி அண்ணனின் மலை ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார வைத்தார் அக்கா. என்ன குழம்பு என்று கேட்டதற்கு, "கொழம்பு இன்னாக்கா, கேப்பைக் கூழுதான்" என்று அஞ்சலை நிஜமாகவே சிரித்துவிட்டாளாம்.

வழக்கம்போல ரோல் முடிந்த பிறகுதான் அக்கா அதைக் கழுவினார். நெகட்டிவைப் பார்த்ததுமே படம் கெட்டுவிட்டது என்று புரிந்துவிட்டது. யாரிடமோ காமிரா இரவல் வாங்கிக்கொண்டு, கட்டியிருந்த சேலையோடு புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார். வார்டில் அஞ்சலையின் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

காரியம் முடிந்து முனுசாமி படத்துக்கு வந்தார். கொடுக்க அக்காவிடம் வேறொன்றும் இல்லை. இருந்த பிரின்ட்டைக் கொடுத்தார். பின்னால் மலை, மரம், மரத்தில் இலை இலையாக எல்லாம் துல்லியம். முன்னால் அஞ்சலையும் குழந்தைகளும் இருந்த இடத்தில் உலைப்பானையிலிருந்து எழுகிற ஆவி மாதிரி மூன்று உருவங்கள். முனுசாமி அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"மலை நல்லா வந்துக்குதுக்கா" என்றார். "இவ மூஞ்சி எங்க?"

அக்கா அந்த பிரின்ட்டின் இன்னொரு பிரதியோடு விழுப்புரம் வந்தார். என்னையும் கூப்பிட்டார், தணிகாசலத்தின் கடைக்குச் சேர்ந்துதான் போனோம். கடையில் வேறு சில போட்டோகிராபர்களும் இருந்தார்கள். தணிகாசலம் படத்தை ஒரு விநாடி பார்த்தார்.

"கை ஆடிக்கீதும்மா. பழைய காமிரா, வெயிட்டு ஜாஸ்தி. லேடீஸ் கையி தாங்காது. சின்னதா ஜப்பான் காமிரா ஒண்ணு வாங்கிக்கோங்களேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா படத்தை வாங்கிக்கொண்டு, "சரிங்க, வர்றேன்" என்று இறங்கிவிட்டார். அந்தச் சிரிப்பு அவருக்கு முன்னால் திண்டிவனம் போய்ச் சேர்ந்தது. அந்த முகூர்த்த மாதத்தில், பேசி வைத்திருந்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. "அந்தம்மாவுக்குக் கை நடுக்கமாம்" என்று ஊருக்குள் பேச்சு.

கை ஆடியிருந்தால் மலையும் ஆடியிருக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் அந்தோணி அண்ணன். காமிராவின் பின்பக்கத்தைத் திறந்து, பிலிம் ஓடும் இடத்தில் பட்டர் பேப்பரை ஒட்டி, எதிர்ச் சுவரில் செய்தித்தாளைக் குத்திப் பார்த்தோம். மேல் லென்ஸில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தபோது கீழ் லென்ஸில் வெறும் மங்கல். வெளியே தெரியும் வளையம் அதேதான். உள்ளே இருந்த கண்ணாடி அக்காவுடையது அல்ல. எதிலிருந்தோ கழற்றிய கண்ணாடி.

"கத்திக்கினு போனா இன்னொரு தபா சிரிப்பானுங்க" என்றார் அக்கா. "உன் காமிராவ குடு தம்பி."

அண்ணன் படம் வரையும் காம்பஸின் இரண்டு முனைகளும், கீழ் லென்ஸின் உள்வளையத்தில் இருக்கும் இரண்டு பள்ளங்களில் கச்சிதமாகப் பொருந்தின. அக்கா என் காமிராவின் வளையத்தைக் கண்ணாடியோடு கழற்றினார். திருகி மாட்டினால் மறைந்துவிடும் ஓரத்தில், ஊசியால் ஓர் எழுத்தைக் கீறினார். அ. அஞ்சலைக்கு அ. கீறும்போது அவர் கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்லில் செதுக்குகிறவரின் கை மாதிரி அசையாமல் இருந்தது.

ஷட்டர் சிக்குகிறது என்று சொல்லி நானே அதைத் தணிகாசலத்திடம் கொடுத்தேன். திரும்பி வந்ததும் அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திறக்கவே விடவில்லை. "எல்லார் முன்னாலயும் தொறக்கலாம்" என்றார். அடுத்த வாரம் நம் சங்கத் தலைவர் கழுத்தில் ஒரு ஜெர்மன் காமிரா தொங்கியது, என்னுடையது மாதிரியே. தணிகாசலம் விற்றது, கண்ணாடி புதுசு மாதிரி இருக்கிறது என்று தலைவர் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். இதை நான் போய்ச் சொன்னபோது, அஞ்சலை போன பிறகு முதல் தடவையாக அக்கா சிரித்ததைப் பார்த்தேன். பார்க்கப் பயமாக இருந்தது.

அந்த வருஷக் கூட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். விழுப்புரத்தில் அந்தக் கல்யாண மண்டபத்தில்தான் தணிகாசலத்துக்குப் பொன்னாடை போர்த்தினோம். போர்த்தி முடியும் வரை அக்கா பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் என் காமிராவையும் காம்பஸையும் எடுத்துக்கொண்டு மேடையேறினார்.

"அண்ணே, இதுல உள்வளையத்த கொஞ்சம் கழட்டிக் காட்டுங்க. நீங்களே தொறங்க. என் கை ஆடும்."

ஏதோ மரியாதை என்று நினைத்து அவரும் சிரித்துக்கொண்டே கழற்றினார். அக்கா அதை வாங்கி விளிம்பைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மைக் இல்லாமலே பேசினார். "தம்பியோட வளையத்துல நான் அ-ன்னு கீறி அனுப்பனேன். இதுல எழுத்து இல்ல. பூஞ்ச புடிச்ச வேற கண்ணாடி இது. என் எழுத்து எங்கனா இருக்கணும் இல்ல? தலைவரே, உங்க கழுத்துல இருக்கறத கொஞ்சம் தொறக்கச் சொல்லுங்க."

"அத தொறக்க வாணாம்" என்றார் தணிகாசலம் அவசரமாக. "இப்பதான் செட்டிங் பண்ணிக் குடுத்தேன். தொறந்தா போய்டும்."

தலைவர் காமிராவைக் கழுத்திலிருந்து எடுத்து நீட்டினார். "தொற."

தணிகாசலம் கை நீட்டவில்லை. அக்காவே கழற்றினார். வளையம் முதல் வரிசைக்கு வந்து, கை மாறி மாறிக் கடைசி வரிசை வரை போயிற்று. சிரித்தவர்கள் எல்லோரும் அந்த எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்கள். நானும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது; ஒளிக்க விரும்பவில்லை. தணிகாசலம் பொன்னாடையை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார். மறுநாள் காலையில், கொடுத்த காமிராக்களைத் திருப்பி வாங்க அவர் கடை வாசலில் கூட்டம் நின்றது. அந்த மாதமே கடையைக் காலி செய்துகொண்டு திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டார்.

அக்காவின் கண்ணாடி மட்டும் கிடைக்கவில்லை. அதை மெட்ராஸில் யாருக்கோ விற்றுவிட்டாராம்.

பிறகு ஒரு நாள் தணிகாசலத்தின் மனைவி திண்டிவனம் வந்தார். புது ஊரிலும் பேச்சு எட்டிவிட்டது, யாரும் வேலை கொடுப்பதில்லை, அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அழுதார். அக்கா இலை போட்டுச் சோறு பரிமாறி, கிளம்பும்போது பிள்ளைகளுக்கென்று ஒரு பை நிறைய வறுத்த மல்லாட்டை கட்டிக் கொடுத்தார். "உனுக்கு இன்னா வேணும்னாலும் வாம்மா. அவருக்குன்னு எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்.

கோயிலில் ஃபாதரும் சொல்லிப் பார்த்தார். மன்னிக்காமல் எப்படிப் பூசையில் நன்மை அப்பம் வாங்குவாய் என்று கேட்டாராம். "நான் மன்னிக்க யாரு ஃபாதர்? எனுக்கு போனது கண்ணாடி. மூஞ்சி போனது அஞ்சலைக்கு. அவ வந்து மன்னிச்சிட்டேன்னு சொல்லட்டும், நானும் சொல்றேன்" என்று பதில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் நன்மை வாங்க வரிசையில் போகும்போது அக்கா மட்டும் பாயிலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்கு அது லேசான காரியம் அல்ல. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நல்ல மெக்கானிக் யார் என்று அதன்பின் நம்மில் பலர் அக்காவிடம்தான் கேட்டோம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "எதிர்ல உக்காந்து தொறக்கச் சொல்லு. கழட்டின பழைய சாமானத் திருப்பிக் கேளு. ரெண்டுக்கும் மூஞ்சி மாறலன்னா குடு." புதுச்சேரியில் சிடுமூஞ்சி மெக்கானிக் ஒருவர் அக்காவின் காமிராவைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கண்ணாடி கெடைக்காது, என்னால ஆவாது, எத்துக்கினு போ" என்று விரட்டினார். கடைசிவரை அக்கா அவரிடம்தான் போனார். "முடியாதுன்னு சொல்ல வாய் வந்துச்சு பாரு, அந்த ஆளு திருடமாட்டான்" என்பார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் தணிகாசலத்தைப் பார்த்தேன். ரோஜா மாலையோடு வந்திருந்தார். சட்டை அதே வெள்ளை. பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "தங்கமான மனுஷி. எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லீங்க. அப்பவே என்னக் கூப்ட்டு, போனது போவட்டும்னு சொல்லிட்டாங்க." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். செத்தவரின் வாயில் மன்னிப்பைத் திணிப்பது எவ்வளவு சுலபம்!

பெட்டியருகே அவர் வந்தபோது அந்தோணி அண்ணன் குறுக்கே நின்றார். வாழ்நாளில் உரக்கப் பேசாத மனிதர். அப்போதும் உரக்கப் பேசவில்லை.

"மாலைய எட்த்துக்கினு போயிடுங்க. அவ வாங்கமாட்டா."

"செத்தப்புறமும் பகையா அண்ணே?"

"செத்தது அவதான். நான் இருக்கேன் இல்ல?"

தணிகாசலம் மாலையோடு திரும்பிப் போனார். போகும் வழியெல்லாம் அவரோடு யாரும் பேசவில்லை.

நண்பர்களே, அக்காவின் காமிராவை அண்ணன் வைத்திருக்கிறார். எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. ஆறவிடாமலும் கொதிக்கவிடாமலும் ஒரு கோபத்தை வருஷக்கணக்கில் சுமக்க முடியும் என்று எனக்குக் காட்டியவர் அவர். இனி அதை நான் சுமக்கிறேன். புஷ்பம் அக்கா தணிகாசலத்தை மன்னிக்கவில்லை. யாராவது மன்னித்தார் என்று சொன்னால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

மலர் அச்சாகி வந்ததும் எனக்கு ஒரு பிரதி அதிகமாக வேண்டும் என்று செயலாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். திருவண்ணாமலைக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். அவர் படித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.