ஒரு கட்சி வராத பஞ்சாயத்து

பொன்னுக்கு வீங்கி எனக்கு வந்தது கல்யாணமாகி, மகளும் பிறந்த பிறகு. உடையார்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு கன்னமும் வீங்கி, கண்ணாடியில் என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பொன் போட்டால் இறங்கும் என்று அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். வீக்கம் இறங்கியது. போகிற போக்கில் என் இடது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ஒரு காது போனால் பாதிச் சத்தம்தான் கேட்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எல்லாம் கேட்டது. எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை. வாலிகண்டபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் செல்போன் அடித்தால் அடுப்படி, பீரோ, தலையணைக்கு அடியில் என்று தேடுவேன். அது கண்ணெதிரே ஜன்னலில் கிடக்கும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் யாராவது கூப்பிட்டால் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றுவேன்.

"கூப்புட்டா வானத்தப் பாக்குறா எம்பொண்டாட்டி" என்று வீட்டுக்காரர் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒங்களுக்கு ரெண்டு காதும் இருக்கு. நான் சொன்னதுல எதக் கேட்டீங்க?" என்பேன்.

பெரம்பலூரில் காது டாக்டரம்மா என் நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, டிக் டிக் என்று சத்தம் விட்டுப் பார்த்தார். வலது காதுக்குக் கம்ப்யூட்டரில் கோடு மேடு மேடாக எழும்பியது. இடது காதுக்குக் கட்டாந்தரை.

"காது சத்தத்த வாங்கி அனுப்புறதோட சரி. எந்தப் பக்கம்னு பிரிக்கிற வேலை மூளைத்தண்டுல ஆரம்பிக்குது" என்றார். இரண்டு காதிலிருந்தும் வரும் செய்தி அங்கேதான் சந்திக்கிறதாம். சத்தம் வருகிற பக்கத்துக் காதுக்கு அது ஒரு துளி முந்தி வரும், ஒரு துளி உரக்கவும் வரும். வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை அந்த முந்தல். ஒரு பக்கத்து நரம்பு ஒரு ரசாயனத்தை விட்டு அங்கிருக்கும் செல்லைப் பேசு என்று தூண்டுமாம். மறுபக்கத்துச் செய்தி கிளைசின் என்ற வேறொன்றாக வந்து அடங்கு என்று அமர்த்துமாம். இந்த இழுபறியில்தான் திசை முடிவாகிறது.

"அப்ப பஞ்சாயத்துதானுங்க?"

"அப்படியே வச்சுக்கங்க. ஒங்களுக்கு ஒரு கட்சி வர்றதே இல்ல. எப்படித் தீர்ப்பு சொல்றது?"

சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் அப்படி இழுபடுகிற வழக்குகள் எத்தனையோ.

போன கார்த்திகையில் மக்காச்சோளம் ஆளுயரம் தாண்டி நின்றது. வீட்டுக்காரர் டவுனுக்குப் போயிருந்தார். நான் வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். நாலு வயது மகள் மோட்டார் கொட்டகை நிழலில் விளையாடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். அப்போதுதான் சோளத்துக்குள்ளிருந்து "அம்மா" என்று குரல் வந்தது.

அழுகைக் குரல். எனக்குக் கேட்கிற காது வலது என்பதால் வலது பக்கம் ஓடினேன். திரும்பினால் குரல் மறுபக்கம் இருந்தது. மறுபடி திரும்பினேன், அதுவும் என்னோடு திரும்பியது. அந்த வயலின் கோடியில் எங்கள் கிணறு, சுற்றுச்சுவர் இல்லாமல் தரையோடு தரையாகக் கிடக்கிறது. பெற்ற பிள்ளை கூப்பிடுகிறாள், எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்கிறேன். அந்த நிமிடம் என் காதைப் பிய்த்து எறியலாம் போல இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. பஞ்சாயத்து கூடாமல் போனது எனக்குத்தான். அவளுக்கு இரண்டு கட்சியும் இருக்கிறதே! நான் எதற்கு அவளைத் தேட வேண்டும், அவள் என்னைக் கண்டுபிடிக்கட்டும்.

கிளி விரட்டுகிற தகர டப்பா கொட்டகையில் தொங்கியது. எடுத்து வந்து, வரப்பில் நின்று குச்சியால் அடிக்க ஆரம்பித்தேன். "சத்தம் வர்ற பக்கம் வா கண்ணு! டப்பாகிட்ட வா!"

அடிக்க அடிக்க அவள் குரல் எனக்குக் கேட்காமல் போனது. அதுதான் கொடுமை. வருகிறாளா, அழுகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திவிட்டுக் கேட்கலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. நிறுத்தினால் அவளுக்கு வழி போய்விடும். மாரியாத்தாளை வேண்டிக்கொண்டே அடித்தேன். டப்பா நசுங்கிவிட்டது.

இடது பக்கம் யாரோ சேலையை இழுத்தார்கள்.

முகமெல்லாம் சோளத்தாள் கீறல். "மயிலு பின்னாடி போனேன். கெணத்துக்கிட்ட பறந்துருச்சு. டப்பா சத்தம் கேட்டுச்சு, வந்துட்டேன்" என்றாள். பிறகு கோபமாக, "எவ்வளவு நேரமாக் கூப்புடுறேன், இங்கதான நிக்கிறேன்?"

அவள் வந்துவிட்டது கைக்கு இன்னும் எட்டவில்லையோ என்னவோ, அது தன்பாட்டுக்கு டப்பாவில் இன்னும் ஒரு அடி அடித்தது.

"போதும்மா, காது வலிக்குது" என்று இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

டப்பாவைக் கீழே போட்டேன். அந்தக் கைகளை விலக்கி, இந்தக் காதில் ஒரு முத்தம், அந்தக் காதில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.