உள்ளங்கையில் ஆறு நிமிஷம்

என் கை எப்போதும் சூடாக இருக்கும். அம்மாவுக்கு அது பித்தம். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் எனக்கு மூத்தவராக இருந்தவருக்கு அது தகுதி. எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று, என் சான்றிதழை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கொடுத்து உள்ளங்கைக்குள் மூடிப் பிடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சரி, நாளையிலிருந்து வந்துவிடு என்றார்.

குழாய் குளிர்ந்தால் ரத்தம் உறையத் தாமதமாகும். குழாய்களைச் சூடாக வைத்திருக்க அறையில் ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு. அது ஓடிய நாளைவிடக் கெட்டுக் கிடந்த நாள்தான் அதிகம். அதனால் ரத்தம் உறையும் நேரத்தைக் கையிலேயே பார்ப்போம். விரலைக் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்ததைக் குழாயில் ஏற்றி, கைக்குள் மூடிக்கொள்வோம். அரை நிமிஷத்துக்கு ஒரு முறை நுனியில் சிறிய துண்டாக ஒடித்து மெல்லப் பிரிக்க வேண்டும். இரண்டு துண்டுக்கும் நடுவே சன்னமாக ஒரு நூல் இழுபட்டால் ரத்தம் உறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். நல்ல உடம்பாக இருந்தால் ஆறு நிமிஷத்துக்குள் நூல் வந்துவிடும்.

அந்த அறைக்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. சொந்தக்காரர் ரத்தத்தைச் சொந்தக்காரர் பார்க்கக் கூடாது. பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். அதை நான் மீறியது ஒரே ஒருவருக்காகத்தான்.

என் தங்கை என்னைவிட ஐந்து வயது சின்னவள். எண்பதுகளின் தொடக்கத்தில் அவளுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். கல்யாணம் முடிந்த கையோடு அவர் போய்விட்டார். இவளும் அங்கே போகக் காகிதமெல்லாம் வந்து சேர ஒரு வருஷம் ஆனது. மார்கழியில் விமானம் என்று முடிவானதும் கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவே எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனது. மில்லில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்த அப்பா, வருகிறவர்களுக்கெல்லாம் தானே நாற்காலி எடுத்துப் போட்டார். எனக்கு மட்டும் அந்தப் பெட்டியைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது. அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக அவள் எடுத்து வைத்த ஊறுகாயைக் குறை சொன்னேன்.

கார்த்திகை மழையில் அவளுக்குக் காமாலை வந்தது. தண்ணீரில் வருகிற வைரஸ் என்றார் டாக்டர். அதற்கு மருந்து கிடையாது, ஓய்வுதான், ஆனால் பயணம் போகிற பெண், எதற்கும் இங்கேயே சேர்த்துவிடுங்கள் என்றார். வார்டிலும் அம்மா தன் வைத்தியத்தை விடவில்லை. மோரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். தினமும் காலையில் தங்கையின் சிறுநீரில் நாலு பருக்கை சோற்றைப் போட்டு, மஞ்சள் ஏறுகிறதா என்று பார்த்தாள். இரண்டாவது வாரம் சோறு வெளுத்தே கிடந்தது. கண்ணிலும் மஞ்சள் குறைந்தது. அம்மா வார்டு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தாள்.

டாக்டர் மட்டும் மகிழவில்லை. "மஞ்சள் எறங்கறத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார் என்னிடம். "ஈரல் தாங்குதா இல்லையான்னு ரத்தம் உறையற நேரம் சொல்லும். வெள்ளிக்கெழம பாரு. சரியா இருந்தா வீட்டுக்கு அனுப்பிடலாம்."

ஊசி என்றால் அலறுகிறவள் அவள். வேறு யாருக்கும் கையை நீட்ட மாட்டேன் என்று அடம் பிடித்ததால் அவளை நானே பார்க்க வேண்டியதாயிற்று. படுக்கையில் கிடந்தபடியே பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தாள். நான் குத்தும்போதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்வாள். அந்த வெள்ளிக்கிழமை மெர்சி சொல்லவில்லை. குழாயை நான் கைக்குள் மூடியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நூல் வரலன்னு எழுதிடேன். பயணத்தத் தள்ளிப் போட்டு இன்னும் நாலு நாள் உங்கூட இருந்துட்டுப் போறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கையை மட்டும் விடவில்லை. வாயை மூடிக்கொண்டு கிடக்கச் சொல்லி அதட்டினேன். அதட்டும்போதே என் மனசு அவள் கட்சியில் சேர்ந்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

ஆறு நிமிஷம் ஆனது. நூல் வரவில்லை. ஏழு, எட்டு. ஒடித்த துண்டெல்லாம் தனித்தனியாகவே வந்தன. ஒன்பதில் மீதிக் குழாயும் தீர்ந்தது.

அப்போது நான் ரத்தத்தைச் சந்தேகப்படவில்லை. என்னைச் சந்தேகப்பட்டேன். ஸ்லைடு கழுவிய ஈரக் கை, தலைக்கு மேலே மின்விசிறி, இதெல்லாம் போக என் ஆசை வேறு. வேண்டுமென்றே கையைத் தளர்த்திவிட்டேனோ, நூல் வந்தும் பார்க்காமல் விட்டேனோ என்று தோன்றியது. அவளை நிறுத்தி வைக்கப் பொய் எழுதுகிறவள் நானில்லை என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு இன்னொரு முறை குத்தினேன். ஐந்தரை நிமிஷத்தில் நூல் மாதிரி ஏதோ தெரிந்தது. அதற்கு மேல் நான் ஒடிக்கவில்லை. தாளில் ஐந்தரை என்று எழுதினேன். பொய் எழுதக் கூடாது என்ற வீம்பில் நான் எழுதிய பொய் அது.

மறுநாள் காலையில் அவளை வீட்டுக்கு அழைத்துப் போக அப்பா வண்டியோடு வந்துவிட்டார். தலையணையில் ரத்தம் இருந்தது. ஈறிலிருந்து கசிந்துகொண்டே இருந்தது. எழுப்பினால் கண் திறந்தாள், உடனே சொக்கினாள். என்னைப் பார்த்து "அம்மா" என்றாள்.

நான் டாக்டரிடம் ஓடி ஒன்பது நிமிஷத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊசி, குளுக்கோஸ், அப்பாவின் மில் நண்பர்கள் வரிசையில் நின்று கொடுத்த ரத்தம் என்று அடுத்தடுத்து நடந்தது. மூத்தவர் என் மேசைக்கு வந்தார். அவருக்கும் சொல்லியிருந்தார்கள்.

"கை உன்னுது. கண்ணு என்னுது" என்றார். "நீ பிடி. பாக்கறது நானு."

அப்படித்தான் நடந்தது. தினமும் காலையில் நான் அவள் கட்டிலில் உட்கார்ந்து குழாயைப் பிடித்துக்கொள்வேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து, வாங்கி ஒடித்து, திருப்பிக் கொடுப்பார். அவள் நினைவில்லாமல் கிடந்தாள். அவள் ரத்தம் என் கைச்சூட்டில் இருக்கிற அந்த நேரம் மட்டும் அவள் என்னிடம் இருப்பதாக நம்பினேன். பதினொன்று என்று இருந்தது பத்தாகி, பத்திலேயே மூன்று நாள் நின்றது. எட்டாம் நாள் அவர் ஒடித்த துண்டை வெளிச்சத்துக்குத் தூக்கி, என் பக்கம் திருப்பினார். நூல் இருந்தது. ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. நான் வார்டு என்றும் பார்க்காமல் அழுதேன்.

அவளுக்கு நினைவு திரும்பி உடம்பும் தேறியது. மாசி முடிவதற்குள் அவள் புருஷனிடம் போய்விட்டாள். மெட்ராஸ் போகிற வாடகைக் கார் எங்கள் தெரு முனையில் நின்றது. ஏறுவதற்கு முன் என் கையைப் பிரித்து அதற்குள் தன் விரலை வைத்து மூடினாள். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

வருஷத்துக்கு நாலு கடிதம் வரும், பிறகு இரண்டு. எண்பதுகளின் கடைசியில் வந்த ஒன்றில், அங்கே ஏதோ வைரஸ் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்ததாக எழுதியிருந்தாள். "இங்க எல்லாம் மெஷினுதான்க்கா. எடுத்துட்டுப் போயிடறாங்க, யாரும் கிட்ட ஒக்காரல. நான் பாட்டுக்குக் கைய நீட்டிக்கினே கெடந்தேன். அன்னிக்கி நான் சொன்ன மாதிரி நீ எழுதியிருக்கலாம். நீ எங்க, பொய்யே எழுத மாட்ட."

பதிலில் மழையைப் பற்றி எழுதினேன், அப்பாவின் முட்டிவலியைப் பற்றி எழுதினேன். அந்த ஒன்பது நிமிஷத்தை எழுதவில்லை. அதை நேரில்தான் சொல்ல வேண்டும், அவள் விரலைப் பிடித்துக்கொண்டு. அவள் இன்னும் வரவில்லை.