கொடிப்பாட்டுக்கு அர்த்தம் கேட்டவர்கள்

தூரத்துப் பெருமுரசு ஒன்றின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கிழக்குத் தாம்பரத்தில் விடுதியில் தங்கி எம்.ஏ. ஆங்கிலம் படித்த நாட்களில், விமானப்படைத் தளத்திலிருந்து பேண்டு ஒத்திகை காற்றில் வரும். குழலும் எக்காளமும் வழியிலேயே கரைந்துவிடும். முரசு மட்டும் வந்து சேரும். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு நடக்கும் பெண்களின் கால்கள், பாட்டே இல்லாத அந்தத் தாளத்துக்குத் தாமாகவே ஒன்றாக விழும். பட்டாளத்துக்கும் எனக்கும் உள்ள தொடர்பு அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் தொழிலில், சொல்லிக்கொடுக்க உட்கார்ந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க நேரும். வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பாடம் நடத்தும் சக பாவிகளுக்கு இது புரியும். சேலையூரில் என் வீட்டில் நான் நடத்துவது, அமெரிக்காவுக்குப் போகும் அப்பா அம்மாக்களுக்கான ஆங்கில வகுப்பு. பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ள இவர்கள் போக வேண்டும். எனக்கு அங்கே யாருமில்லை, நான் போனதுமில்லை. அதனாலேயே பொறாமையோ அவசரமோ இல்லாமல் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒரு நல்ல பெயர்.

பாடப்புத்தக ஆங்கிலம் இவர்களுக்கு ஓரளவு வரும். பேரனுடைய ஆங்கிலம்தான் புரியாது. பாதிச் சொல்லை அவன் விழுங்கிவிடுவான். எனவே ஒரு முறை வைத்தேன்: பேரப்பிள்ளைகள் பாடுவதைப் போனில் பதிந்து கொண்டுவாருங்கள், அதைக் கேட்டுக் காதைப் பழக்குவோம். மழை, நட்சத்திரம், வாத்து என்று வரும் என எதிர்பார்த்தேன். வந்தது எல்லாம் கொடி, முரசு, சிப்பாய். வருடத்தில் பல நாட்களுக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இப்படிப் பாட வைப்பார்களாம். கவிதை படித்த நான், யாரும் கேட்காமலேயே, அமெரிக்க தேசபக்திப் பாடல்களுக்கு சேலையூரின் ஒரே உரையாசிரியை ஆனேன்.

வெறுங்கால்

கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த சரோஜாவுக்குப் பேரன் இல்லை. மகன் பிரபுதான் அங்கே. அவர்கள் குடும்பம் முன்பு நெல்லும் வேர்க்கடலையும் போட்டது, இப்போது அந்த நிலத்தில் மனைகளும் ஒரு வாடகைக் கட்டடமும் நிற்கின்றன. பிரபு அங்கே மேற்படிப்பு முடித்துப் பட்டம் வாங்கிய விழாவுக்குக் கணவனும் மனைவியும் போயிருந்தார்கள். டிசம்பர் மாதம். கூட்டம் எழுந்து நின்று அவர்களுடைய கொடிப்பாட்டைப் பாட ஆரம்பித்ததும், ஆண்கள் எல்லாம் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்களாம். சரோஜா சுற்றிப் பார்த்துவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருக்கிறாள். பனிக்காலத்து சிமென்டுத் தரை. பாட்டு முடிகிற வரை வெறுங்காலோடு நின்றாள்.

பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் அவள் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார் என்றாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று வகுப்பில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். சரோஜாவுக்கு அந்தக் கேள்விதான் விசித்திரமாகப் பட்டது. "அவங்க தொப்பியக் கயட்றாங்க. என்கிட்ட தொப்பி இல்ல, இருந்தத கயட்டுனேன்."

வாசலில் கார்

அந்தப் பிரபுவால்தான் பிறகு வீட்டில் பேச்சு நின்றது. வேலை பார்த்து, கிரீன் கார்டு வாங்கி, யாரிடமும் கேட்காமல் அந்த நாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். குடியுரிமை சீக்கிரம் கிடைக்கும் என்றானாம், உடம்பும் மனசும் ஒரு கட்டுக்கு வரும் என்றானாம். அவன் அப்பா தனசேகர் எல்லாவற்றையும் ஒரே வரியில் முடித்துவிட்டார்: வேற நாட்டுக் கொடிக்கு சல்யூட் அடிக்கிறவனோட எனக்குப் பேச்சு இல்ல. அன்றிலிருந்து மகனுடைய போன் வந்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.

பயிற்சி முடிந்ததும் பெற்றோரை வைத்து ஓர் அணிவகுப்பு நடக்கும், இரண்டு பேரும் வர வேண்டும் என்று பிரபு அம்மாவிடம் சொல்லியிருந்தான். பழைய விசா இன்னும் செல்லும். சரோஜா என்னிடம் சேர்ந்ததே அதற்காகத்தான். அணிவகுப்பில் என்ன பாடுவார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொண்டுபோய்க் கணவரிடம் சொல்லி, அவரைக் கரைத்துவிடலாம் என்று ஒரு கணக்கு. அவரோ வாரம் தவறாமல் காரில் அவளைக் கொண்டுவந்து இறக்குவார், வகுப்பு முடியும் வரை வாசலில் காரிலேயே உட்கார்ந்திருப்பார், உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நீ மட்டுமாவது போய் வாயேன் என்றேன். சரோஜா தலையாட்டி மறுத்தாள். "ஒத்தையில போய் நின்னா, அப்பா எங்கன்னு கண்ணாலயே தேடுவான் மேடம். அத என்னால பாக்க முடியாது."

நடுங்கும் குழந்தை

கீழ்க்கட்டளை விமலா முறையாகச் சங்கீதம் படித்தவர். வீடியோ காலிலேயே பேரனுக்கு எதையும் சொல்லிக்கொடுத்துவிடுவார். பள்ளியில் பாட வேண்டிய ஒரு கொடிப்பாட்டை அவன் பாடிக் காட்டியதும், இது சங்கராபரணம்தானே என்று அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் பலகையில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறதே என்று வருத்தம். அங்கங்கே கொஞ்சம் அசைத்துக் கொடுத்தார். கொடி என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு நீண்ட கமகம், நிஜமாகவே காற்றில் பறக்கிற மாதிரி.

பள்ளியில் முப்பது குழந்தைகள் நேராகப் பாட, இவன் ஒருவன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அசைத்துப் பாடியிருக்கிறான். மறுநாள் வகுப்புக்கு வந்த விமலா கோபமாகத்தான் உட்கார்ந்தார். "டீச்சர் போன் பண்ணி, புள்ளைக்குக் குரல் நடுங்கறது, வீட்டுல யாராவது மிரட்டறேளான்னு கேட்டாளாம்."

எதற்கும் நிற்பவர்

பெருங்களத்தூர் அற்புதராஜ் சார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள், தேசிய கீதம் கேட்டால் எழுந்து கையை நெஞ்சில் வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள். எது தேசிய கீதம் என்று சொல்லவில்லை. நான் இங்கே போட்டுக் காட்டியிருந்தேன். ஆனால் அந்த நாட்டில் கொடிப்பாட்டுகள் பல, ஒவ்வொன்றும் இதுதான் அது என்ற தோரணையிலேயே ஆரம்பிக்கும். அவர் போன சமயம் சுதந்திர நாள் வாரம். காய்கறிக் கடையில் விடாமல் பாட்டு. அற்புதராஜ் சார் உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில், தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, நெஞ்சில் கையோடு விறைத்து நின்றார். பின்னால் வந்த ஒரு தம்பதி அவரைப் பார்த்துச் சந்தேகத்தோடு அவர்களும் நின்றுவிட்டார்கள். பாட்டின் கடைசியில்தான் தெரிந்ததாம், அது மெத்தை விளம்பரம்.

திரும்பி வந்து அவர் இதைச் சொன்னபோது வகுப்பு குலுங்கிச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "பாட்டு அவங்களோடது, விசா நம்மளோடது. நின்னுடறதுதான் நல்லது."

லாரிப் பாட்டு

கிராமத்துப் பாடகர்கள் கிதாரோடு பாடும் ஒரு வகை அங்கே உண்டு. நம் பாட்டுகளில் நாடு என்றால் அம்மாதான். அவர்கள் பாட்டில் நாடு என்பது ஒரு மண் சாலை, அப்பாவின் பழைய பூட்ஸ், ஒரு நாய், ஒரு சின்ன லாரி. போருக்குப் போனவன் இவற்றை நினைத்துப் பாடுவான். முதல் தடவை கேட்கையில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாலாவது தடவை, அந்த லாரியின் கதவு சரியாகச் சாத்தாது என்ற ஒரு வரியில் பாட்டை நிறுத்திவிட்டு எழுந்துபோய் முகம் கழுவி வந்தேன். பெரிய சொற்கள் செய்யாததை ஒரு சாத்தாத கதவு செய்துவிடுகிறது. இதை வகுப்பில் சொன்னேன். ஒருவரும் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். சரோஜா, அதில் அம்மா எங்கே என்று கேட்டாள். கடைசி அடியில் வருகிறாள், வாசலில் கொடியைக் கட்டிவிட்டு மகன் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்றேன். போன வாரப் பாட்டிலும் அப்படித்தானே நின்றாள் என்றாள். ஆமாம் என்றேன். "எந்த ஊரு பாட்டுன்னாலும் அவளுக்கு வாசல்ல நிக்கறதுதான் வேலையா?"

சொல் இல்லாதது

ஒருநாள் விமலாவின் போனில் பள்ளி விழா ஒன்றின் வீடியோ வந்தது. இறந்த சிப்பாய்களுக்காக ஒரே ஓர் ஆள் எக்காளம் ஊதுகிறான். பாட்டில் சொல் இல்லை. நீளமான சில ஒலிகள், நடுவில் மூச்சு. ஊதி முடிந்தது. ஆசிரியைப் பழக்கத்தில், இது எப்போது வாசிக்கப்படும் என்று விளக்க நான் வாயைத் திறந்தேன். சரோஜா கையை நீட்டித் தடுத்தாள். "இதுக்கு மட்டும் அர்த்தம் சொல்லாதீங்க மேடம்."

முன்னால் கத்துகிறவன்

அணிவகுப்புக்கு மூன்று வாரம் இருக்கையில் சரோஜா ஒரு வீடியோ கொண்டுவந்தாள். பயிற்சி முகாம்காரர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் போட்டதாம். விடிகாலையில் பையன்கள் வரிசையாக ஓடுகிறார்கள். ஒருவன் முன்னால் ஒரு வரி கத்த, மற்றவர்கள் அதையே திருப்பிக் கத்துகிறார்கள். முன்னால் கத்துகிறவன் பிரபு. வீட்டில் பல தடவை கேட்டும் அவளுக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. இதில் அந்தக் கொடியைப் புகழ்ந்திருந்தால் அவர் வரவே மாட்டார், பயமாக இருக்கிறது என்றாள்.

என் காது இப்போது மந்தம். ஒலிபெருக்கியில் இணைத்துச் சத்தமாக வைத்தேன். இரண்டு வரி ஓடியிருக்கும், வாசலில் கார்க் கதவு திறக்கும் சத்தம். தனசேகர் உள்ளே வந்து கதவருகே நின்றார். யார் குரல் என்று அவர் கேட்கவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். இன்னா சொல்றான், நாட்ட பத்தியா என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வரிவரியாகச் சொன்னேன். திங்கட்கிழமை அவித்த பயறு போட்டார்கள். செவ்வாயும் அதே பயறு. புதன்கிழமை அந்தப் பயறு எங்களை அடையாளம் கண்டு வணக்கம் சொன்னது. நடுவில் ஒரு வரி, பயிற்சி கொடுப்பவரைப் பார்த்து, ஐயா கொஞ்சம் மிளகாய்த்தூள் தாருங்கள். இந்த வரி பாட்டில் இருந்திருக்காது, முன்னால் கத்துகிறவன் தானாகச் சேர்த்துக்கொள்ளலாம், இது உங்கள் பையன் சேர்த்ததுதான் என்றேன். கொடி எங்கே வருகிறது என்றார். வரவில்லை என்றேன். நாடு? அதுவும் இல்லை. முழுப் பாட்டும் சாப்பாட்டைப் பற்றிய புகார்.

அற்புதராஜ் சாரும் விமலாவும் நோட்டைப் பார்த்துக்கொண்டார்கள். சரோஜா கணவரைப் பார்க்காமல் என் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். தனசேகர் அந்தச் சின்னத் திரையில் ஓடிக்கொண்டிருந்த மகனையே பார்த்தார். மொட்டைத் தலை, இளைத்த கன்னம். வீடியோ முடிந்து திரை கறுத்த பிறகும் பார்த்தார். அப்புறம் மனைவியிடம் திரும்பினார், ஏதோ அவள்தான் இவ்வளவு நாள் விஷயத்தை மறைத்த மாதிரி. "இந்தப் பாட்டத்தான் வூட்ல இருந்த வரிக்கும் பாடிகினு இருந்தான். இதுக்கா அவ்ளோ தூரம் போனான்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மொளகாத்தூள் எடுத்துனு போனா உள்ள உடுவானுங்களா, மேடம்?"

எத்தனையோ கொடிப்பாட்டுகளுக்கு உரை சொன்ன எனக்குப் பலித்த ஒரே உரை அவித்த பயறைப் பற்றியதுதான். தனசேகரும் சரோஜாவும் அணிவகுப்புக்குச் சேர்ந்தே போய்வந்தார்கள், பிரபு இப்போது பனி கொட்டும் ஒரு முகாமில் பட்டாள லாரிகளைப் பழுது பார்க்கிறான்.