தண்ணீர் குடிக்காத பெட்டியிலிருந்து மர்பி டவுனுக்கு

ஒரே வருடத்தில் நான்காவது முறையாகச் சிறுநீர்த் தொற்று வந்தபோது, "வேலைய வுட்டுட்டு வீட்ல இரு" என்று சொல்லிவிட்டார் என் கணவர். கோபமில்லை, பயம்தான். ஆனால் பெங்களூர் பீன்யாவில் துணி கம்பெனியில் என் செக்கிங் வேலை போனால் மகளின் நர்சிங் படிப்பும் நின்றுவிடும். அதனால் போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை லீவு போட்டு, அதே ஊரின் மர்பி டவுனில் ஒரு பெண் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினேன். எங்கள் தங்கவயலிலிருந்து இதே தொல்லையோடு தினமும் வண்டியேறும் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

துணைக்கு சாந்தி அக்கா வந்தார். பதினோரு வருடமாக ரயிலில் என் பக்கத்து சீட். பெங்களூருக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். எங்கள் லேடீஸ் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு: எழுந்ததிலிருந்து இறங்கும் வரை யாரும் சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டோம். கழிவறை இருக்கிறது. ஆனால் அதன் வாசல் வரை ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது யார் தாண்டிப் போவது? எரிச்சல் வந்தால் யாரோ பாதி தின்று மீந்த மாத்திரை அட்டை, பிரசாதம் மாதிரி கை மாறும். நானும் இரண்டு நாள் விழுங்குவேன், எரிச்சல் நின்றதும் மிச்சத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவேன்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். சிக்னலில் நின்றதும் எனக்குத் தாங்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"பாத்ரூம் போவணும்பா" என்றார் சாந்தி அக்கா, பட்டென்று. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஜீவனஹள்ளில எங்க அக்கா வூடு. கொஞ்சம் சுத்துதான், பரவால்ல."

அவருடைய அக்கா கதவைத் திறந்து, எதுவும் கேட்காமல் உள்ளே கை காட்டினார். அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இன்றும் நினைத்தால் கண் கலங்குகிறது. சுற்றி வந்ததற்கு டிரைவர் தனியாக எதுவும் வாங்கவில்லை. பெங்களூர் ஆட்டோ தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கிளினிக்கில் டாக்டர் முதலில் கேட்டதே பரிசோதனைக்குச் சிறுநீர் மாதிரிதான். அதைத்தான் ஜீவனஹள்ளியில் விட்டுவிட்டு வந்திருந்தேனே! பாட்டில் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். சாந்தி அக்கா சிரித்தே களைத்துப்போனார்.

"காலைல எப்ப தண்ணி குடிப்பீங்க?" என்றார் டாக்டர்.

"மதியம் சாப்பாட்டோடதான்."

"எங்க பொட்டில யாருமே குடிக்க மாட்டோம் டாக்டர்" என்று பெருமையாகவே சொன்னார் அக்கா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மொத்த பெட்டியுமா?"

பிறகு நான் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். "வேலைய விடணுமா?"

"எதுக்கும்மா? வண்டில தண்ணி குடிங்க. வந்தா அடக்காதீங்க. இந்தத் தடவ மாத்திரைய முழுசா முடிங்க. வேலைக்குப் போங்க."

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஆனால் கிளினிக்கை நெருங்கியபின், மாதிரி கொடுக்கும் வரை மட்டும் கழிவறைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை தொடங்கும் முன்பே கல்ச்சர் என்ற கிருமிப் பரிசோதனைக்குக் கொடுத்தால்தான் எந்த மருந்து கேட்கும் என்று தெரியும். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அடுத்தவர் மாத்திரை வேண்டவே வேண்டாம். கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள், உள்ளே சோப்பு வேண்டாம், கணவனோடு சேர்ந்த பிறகு சிறுநீர் கழித்துவிடுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்குத் தனி மருந்து உண்டு. சாந்தி அக்காவும் அதற்காக அன்றே டாக்டரிடம் காட்டிக்கொண்டார். குளிர் காய்ச்சலோ விலா முதுகு வலியோ வந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், டாக்டரிடம் போவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

திங்கட்கிழமை வண்டியில் பங்காரப்பேட்டை தாண்டியதும் பாட்டிலைத் திறந்தேன். பெட்டியே பார்த்தது. மாலூரில் எழுந்தேன்.

"வழி வுடுங்கம்மா, அவ பாத்ரூம் போவணும்!" சாந்தி அக்காவின் குரல் இன்ஜின் வரை கேட்டிருக்கும்.

முணுமுணுத்துக்கொண்டே முழங்கால்களை மடக்கினார்கள். போய்விட்டுக் கதவைத் திறந்தால், வெளியே நான்கு பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.