ஹதாவ் கொடுத்த புகார்

டெஹ்ரானிலிருந்து வெகுதூரம் தள்ளி, எல்லை மலைப் பக்கம் இருக்கிற எங்கள் புகான் நகரத்தில் ஹதாவைத் தெரியாத பெண்கள் குறைவு. வீட்டின் முன்னறையில் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். நானும் பல வருடமாக அவள் நாற்காலியில்தான் தலையைக் கொடுக்கிறேன். அவள் கை ஓடும்போது வாயும் கூடவே ஓடும். அந்த வாயில் அதிகம் அரைபட்ட பெயர் கலாவேஜ்.

கலாவேஜ் அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள், மருத்துவமனையில் நர்ஸ். புருஷன் முதுகில் சரக்குச் சுமை கட்டி, எல்லை மலையைத் திருட்டுத்தனமாகத் தாண்டிப் பிழைப்பு நடத்தியவன். காவல்படை சுட்டு அங்கேயே செத்தான். பிள்ளை இல்லை. மறுபடி கல்யாணமும் அவள் செய்துகொள்ளவில்லை. கறுப்பு உடையிலேயே வேலைக்குப் போய்வருவாள். அந்தக் கறுப்பு அவளுக்கு எடுப்பாக இருந்தது, அதுதான் ஹதாவுக்கு வயிற்றெரிச்சல்.

வேர் அதற்கும் கீழே இருந்தது. ஹதாவின் புருஷன் ரெபுவாருக்கு அவன் அம்மா முதலில் பெண் கேட்டுப் போனது கலாவேஜ் வீட்டுக்கு. அவள் வேண்டாமென்று சொன்ன பிறகுதான் ஹதாவின் வீட்டுக்கு வந்தார்கள். ரெபுவார் சாதுவான மனிதன், ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பழைய விஷயத்தை அவன் ஒரு நாளும் பேசியதில்லை. பேசாததே ஹதாவுக்குச் சந்தேகம். மறந்தவன் என்றால் கேலியாகவாவது ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று என்னிடம் கேட்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த இலையுதிர் காலம் வந்தது. பக்கத்து ஊர் சகெஸில் பிறந்த பெண் ஒருத்தி, தலைத்துணி சரியில்லை என்று டெஹ்ரானில் பிடிக்கப்பட்டு, காவலில் இறந்துபோனாள். அவளை மண்ணுக்குக் கொடுத்த அன்றே எங்கள் பக்கமெல்லாம் தீ பற்றிக்கொண்டது. கடைகள் அடைத்தன. ஹதாவும் அடைத்தாள். தலைத்துணியைக் கழற்றிக் கையில் சுழற்றியபடி, பெண், வாழ்வு, விடுதலை என்று தொண்டை கிழியக் கத்தினாள். அப்போது பக்கத்தில் நின்ற என்னை இடித்து, "அங்க பாரு, அவளைச் சுத்தி எத்தனை பேரு" என்றாள். கூட்டத்துக்கு முன்னால் கலாவேஜ் நின்றிருந்தாள்.

அப்புறம் காவல்படையினர் சுட ஆரம்பித்தார்கள். வேட்டைத் துப்பாக்கியால் பொடிப்பொடி ஈய ரவை, சில இடங்களில் நிஜக் குண்டு. அடிபட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனால் கட்டிலிலிருந்தே தூக்கிக்கொண்டு போனார்கள். அதனால் யாரும் போகவில்லை. காயத்தோடு எங்கே போனார்கள் என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. இணையத்தையும் வெட்டிவிட்டார்கள்.

அந்த நாட்களில் ரெபுவார் சாயங்காலமானால் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கடைகளே திறக்காத ஊரில் எந்த ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகிறது என்று ஹதாவ் கேட்டாள். வீட்டு ஃப்ரிட்ஜ் கெடாதா என்றான் அவன். ஒரு நாள் அவன் சட்டையில் டெட்டால் வாசனை. இன்னொரு நாள் வேன் கலாவேஜ் வீட்டுச் சந்தில் நின்றதை இவளே பார்த்தாள்.

மறுநாள் காலை ரொட்டிக் கடையில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. நானும் நின்றிருந்தேன். கலாவேஜ் வழக்கத்துக்கு மேல் ரொட்டி வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தனியா இருக்கிறவளுக்கு இத்தனை ரொட்டி எதுக்கு? யாரு வந்து தின்னுட்டுப் போறாங்க?" என்றாள் ஹதாவ்.

கலாவேஜ் முகம் வெளுத்துப்போனது. "ஹதாவ், இங்க வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"எங்க வேணும்? உன் வீட்லயா? அதுதான் என் புருஷனுக்கே இடம் பத்தாம கிடக்கே."

வரிசையே எங்கள் பக்கம் திரும்பியது. யாரோ ஒருத்தர் இருமினார். கலாவேஜ் ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் ஒரு வார்த்தை திருப்பித் திட்டியிருந்தால்கூட ஹதாவுக்கு ஆறியிருக்கும். பேசாமல் போனது நெருப்பை இன்னும் விசிறியது.

அன்று சாயங்காலமே வேன் பின்னால் நடந்தாள். கலாவேஜ் வீட்டுக் கதவை உள்ளங்கையால் அறைந்தாள். ரெபுவார்தான் திறந்தான். அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளறையில் தரை விரிப்பின்மேல் நாலைந்து பேர் கிடந்தார்கள். ஒருத்தன் குப்புறப் படுத்திருக்க, முதுகெல்லாம் ரவை. ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கண்ணில் கட்டு. கலாவேஜ் முட்டி போட்டுக்கொண்டு இடுக்கியால் ரவைகளை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். ரெபுவார் அவர்களை வேனில், பழைய ஃப்ரிட்ஜ்களுக்குப் பின்னால் படுக்கவைத்துக் கொண்டுவந்திருக்கிறான்.

வெட்கப்பட்டாயா என்று பின்னாளில் ஹதாவிடம் கேட்டேன். வெட்கமும் வந்ததாம். ஆனால் முதலில் வந்தது வேறு. அவள் ரெபுவார் பக்கம் திரும்பி, "இவளை நம்பின. என்னை நம்பலை, இல்ல?" என்றாளாம்.

"உன் வாயை நினைச்சுப் பயந்தேன்" என்றான் அவன்.

தான் சந்தேகப்பட்ட படுக்கை விஷயத்தைவிட அது ஆழமாகக் குத்தியது என்றாள் ஹதாவ். கலாவேஜ் தலையை நிமிர்த்தாமலேயே, "சண்டை அப்புறம் போடு. விளக்கைப் பிடிக்கிறியா, இல்ல கிளம்புறியா?" என்று கேட்டாள். ஹதாவ் விளக்கைப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் ரத்தத்தைப் பார்த்து வாந்தியும் எடுத்தாள். ஆனாலும் மறுநாள் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், துணி துவைத்தாள், பின்பு ரவை எடுக்கவும் பழகினாள். தெருவில் மட்டும் கலாவேஜோடு முகம் கொடுக்கவில்லை. ரொட்டிக் கடைச் சண்டை ஊருக்கு உண்மையாகவே இருக்கட்டும் என்று ரெபுவார் சொல்லியிருந்தான். அதில் இவளுக்குச் சிரமமே இருக்கவில்லை.

காயம்பட்டவர்களில் தேறியவர்களை ஒவ்வொருவராக மலைப் பக்கம் அனுப்பினார்கள். கண்ணில் அடிபட்ட பெண்தான் கடைசியாகப் போனாள். அவள் போன மறுநாள் மத்தியானம் நம்பர் பலகை இல்லாத வெள்ளைக் கார்களில் உளவுப் போலீஸ்காரர்கள் வந்தார்கள். கலாவேஜையும் ரெபுவாரையும் கொண்டுபோனார்கள். வீட்டில் பஞ்சும் மருந்தும் கிடைத்தன. நர்ஸ் வீட்டில் அவை இருப்பதில் அதிசயம் இல்லை. ஆனால் ஆண்கள் வந்துபோனதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ரெண்டு நாளில் ஹதாவையும் கூப்பிட்டார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் எதையும் யோசித்து வைத்துக்கொள்ளவில்லை. விசாரித்தவன் இளவயதுக்காரன், மரியாதையாகப் பேசினான், டீ கொடுத்தான்.

"உங்க வீட்டுக்காரர் அந்த நர்ஸ் வீட்டுக்கு எதுக்குப் போனார், சகோதரி?"

"அதை என்கிட்டயே கேக்குறீங்களா? ரொட்டிக் கடையில நின்னவங்களைக் கேளுங்க. தெருவே சிரிக்குது."

அவன் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "அவர் மட்டும் இல்லையே. வேற ஆளுங்களும் வந்திருக்காங்க."

"அவ ஒருத்தனோட நிக்கிற ஆளா?" என்றாள் ஹதாவ்.

அதோடு நிறுத்தவில்லை. அழுதாள், மார்பில் அடித்துக்கொண்டாள். என் குடும்பத்தைக் கெடுத்தவளைச் சும்மா விடாதீர்கள் என்று புகாரே எழுதிக் கொடுத்தாள். நடிக்கவேண்டிய தேவையே இல்லாமல் வார்த்தைகள் தானாக வந்து விழுந்தன என்று என்னிடம் சொன்னாள். இருபது வருடமாக உள்ளே கிடந்தவை அவை.

அடுத்த அறையில் இதை ரெபுவாரிடம் வாசித்துக் காட்டி உண்மையா என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்றால் கள்ள உறவுக்குக் கசையடி, இல்லை என்றால் வந்தவர்கள் யாரென்ற கேள்வி திரும்பவும் வரும். அவன் தலையைக் குனிந்துகொண்டு, தப்பாக எதுவும் நடக்கவில்லை, ரெண்டாம் தாரமாக வரச்சொல்லிக் கேட்கத்தான் போனேன், அவள் மறுத்துக்கொண்டே இருந்தாள் என்றானாம். விசாரித்தவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலகக்காரர்களைத் தேடிப் போனவர்களுக்கு ஒரு குடும்பச் சண்டை கிடைத்தது. கொஞ்ச நாள் வைத்திருந்து, அடித்துப் பார்த்து, ஒரு நீதிபதியிடம் தள்ளிவிட்டார்கள். ஹதாவ் புகாரைத் திரும்ப வாங்கினாள். சாட்சி இல்லை என்று வழக்கு விழுந்தது. காயம்பட்ட ஒருவர் பெயரும் வெளியே வரவில்லை.

ஆனால் ஒழுக்கம் கெட்டவள் என்று கலாவேஜின் வேலையைப் பறித்தார்கள். அவள் வீடு திரும்பிய அன்று ஹதாவ் சூப் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். கலாவேஜ் கதவைப் பாதி திறந்து நின்றாள். முன்பல் ஒன்று உடைந்திருந்தது.

"ஒருத்தனோட நிக்கிற ஆளான்னு கேட்டியாமே. விசாரிச்சவன் எனக்கும் வாசிச்சுக் காட்டினான்."

"வேற வழி தெரியலை, கலாவேஜ்."

"அது தெரியும். அந்தப் பிள்ளைங்க பிழைச்சதும் உன்னாலதான், தெரியும். நான் கேக்குறது வேற. அதைச் சொல்றப்போ உனக்குக் கஷ்டமா இருந்துச்சா?"

ஊரையே பேசித் தீர்க்கும் ஹதாவின் வாய்க்கு அன்று பொய் சொல்லவும் வரவில்லை. கலாவேஜ் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அடுத்த வசந்தத்தில் கலாவேஜ் எல்லைக்கு அந்தப் பக்கம், சுலைமானியாவிலிருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. இங்கே தெருவில் பாதிப் பேர் ஹதாவை ஏமாந்த பெண்டாட்டி என்று பரிதாபமாகப் பார்த்தார்கள். உண்மை தெரிந்த மீதிப் பேர் கலாவேஜைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இவள் பங்கை யார் சொல்வது? இவளும் சொல்லமுடியாது, சொன்னால் புகார் பொய்யென்று ஆகிவிடும். நாற்காலியில் உட்காருகிற பெண்கள் கலாவேஜின் தைரியத்தைக் குசுகுசுவென்று புகழும்போது, ஹதாவ் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவத்தை மட்டும் பார்ப்பாள். சில சமயம் நூல் கொஞ்சம் அழுத்தமாக இழுக்கும், எனக்கே இழுத்திருக்கிறது.

ரெபுவாரை அவள் விடவில்லை. இத்தனை சுருக்காக அந்த ரெண்டாம் தாரப் பதில் எப்படி வாயில் வந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உயிர் பயத்தில் வந்தது என்பான். உண்மையா என்பாள். அவன் எழுந்து வேனைக் கழுவப் போய்விடுவான்.

போன வருடம் அவன் கம்ப்ரஸர் வாங்க சுலைமானியா போகவேண்டி வந்தது. தனியாக விடுவாளா? கூடவே போனாள். கலாவேஜ் வீட்டில்தான் சாப்பாடு, ஆட்டுக்கறியும் சோறும். சாப்பிட்டு முடித்ததும் ஹதாவ் புருஷனை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்: "இவன் உன்னை நெஜமாவே கேட்டானா, இல்லையா?"

கலாவேஜ் உடைந்த பல் தெரியச் சிரித்தாளாம். "கேக்கலை, தாயே. கேட்டிருந்தாலும் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். இந்த ஆளு குறட்டையை நாலு வீடு தாண்டியே கேட்டிருக்கேன்."

இதை எனக்குச் சொல்லும்போது ஹதாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாட்டேன்னு அவ சொன்னப்போ இவன் முகம் கொஞ்சம் வாடிப்போச்சு, தெரியுமா. நான் பாத்தேன்."